இணையத்தில் ஒரு சொந்த மனை

விலையின்றிக் கிடைப்பது இலவசம்; கட்டின்றி இயங்குவது விடுதலை. தமிழ் பயிலும் சிறு பிள்ளையும் இவ்விரு சொற்களையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவதில்லை. ஆங்கிலத்திலோ இவ்விரண்டனையும் குறிக்க ‘ஃபிரீ’ என்னும் ஒரே சொல் பெருவழக்காக உள்ளது. அதனால் ‘ஃபிரீ சாஃப்ட்வேர்’ என்ற தொடரைக் கேட்ட அளவில், காசு கொடாமல் பெறும் கணினிப் பொருள் என்றே பலரும் பொருள் கொண்டனர்; இன்றும் கொள்கின்றனர். அத்தொடரை வகுத்தவர் கருதிய பொருள் வேறு. தமிழில் அதனைக் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று பெயர்த்தவர் எவராயினும், அவர் சொல்லாட்சியில் தேர்ந்தவர் என்பதில் ஐயமில்லை. தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் ‘கட்டற்ற கலைக்களஞ்சியம்’ என அழைத்துக்கொள்வதால் நம் மாணவர்க்கு இச்சொல் புதிதன்று. ஆயினும், கட்டு எது, அதனை அறுத்தவர் யார், அறுத்ததனால் தமிழ்ப்பள்ளிகளுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் விளையும் பயன் யாது என்னும் வினாக்கள் வகுப்பறைகளில் எழுவது அரிதாகவே உள்ளது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார், ஆய்வுக்கூடத்து அச்சுப்பொறியில் தாள் அடிக்கடி சிக்கிக்கொள்வது கண்டு, அதனை இயக்கும் நிரலைத் திருத்த விழைந்தார். மூலநிரல் வேறொரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒருவரிடம் இருந்தது. எவருக்கும் தருவதில்லை என ஒப்பந்தம் செய்துள்ளதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். தன் வீட்டுக் கதவின் கீலைத் தானே இறுக்கிக்கொள்ள உரிமையில்லை என்று ஒருவனுக்குச் சொன்னால் அவன் எவ்வாறு வெகுள்வான்? ஸ்டால்மன் வெகுண்டதும் அவ்வாறே. 1983ஆம் ஆண்டில் ‘குனூ’ என்னும் திட்டத்தை அவர் அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1989இல் பொது உரிமம் ஒன்றை வகுத்து வெளியிட்டார். மென்பொருளை எந்நோக்கத்திற்கும் பயன்படுத்தலாம். உள்ளே நோக்கிக் கற்றுத் திருத்தலாம். படியெடுத்துப் பிறர்க்கு ஈயலாம். திருத்திய வடிவத்தையும் ஈயலாம் என்னும் நான்கு உரிமைகள் அவருடைய கோட்பாட்டின் உயிர்நிலை. அவ்வுரிமத்தில் ஒரு நுட்பமும் உண்டு. திருத்திப் பிறர்க்கு வழங்குபவர், தாம் பெற்ற அதே உரிமைகளோடுதான் வழங்க வேண்டும். பெற்றதைத் தன்னோடு முடக்கிக்கொள்ளும் வழி அங்கே அடைபட்டுவிடுகிறது. 1998இல் ‘திறந்த மூலம்’ என்னும் மற்றொரு பெயரும் தோன்றியது. இரு பெயரினர்க்கும் இடையே கொள்கைப் பூசல் உண்டெனினும், அதனை ஈண்டு விரித்தல் வேண்டா.

இணையத்தளம் அமைப்போர் இவ்வரலாற்றை அறிந்துகொள்ள வேண்டியதன் காரணம், வையவிரி வலையே ஒரு கொடையால் வளர்ந்தது என்பதாகும். 1990களின் தொடக்கத்தில் கோஃபர் என்ற முறை மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தோன்றிப் பரவலாக வழங்கியது. தகவல்களைப் பட்டியல் பட்டியலாக அடுக்கிக் காட்டிய அம்முறை, அந்நாளில் வலையைக் காட்டிலும் செல்வாக்குடன் விளங்கியது. 1993இல் அப்பல்கலைக்கழகம் தன் வழங்கி மென்பொருளுக்குச் சில வகையினரிடம் கட்டணம் பெறப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வு நிலையம், டிம் பெர்னர்ஸ்-லீ அங்கே உருவாக்கிய வலை மென்பொருளைப் பொதுவுடைமையாக்கி எழுத்தில் அறிவித்தது. கோஃபர் தேய்ந்தது, வலை ஓங்கியது. கட்டணம் ஒன்றே காரணம் எனல் மிகையாகலாம். படங்களையும் எழுத்தையும் ஒரே பக்கத்தில் காட்டும் வனப்பும் வலைக்குத் துணைநின்றது. எனினும், நாளை எவன் கணக்குச் சீட்டு நீட்டுவானோ என்ற அச்சமின்றி உழைக்கக் கிடைத்த நிலத்தையே உழவர்கள் நாடினர் என்பது தெளிவு.

அந்நிலத்தில் விளைந்தவை பல. டென்மார்க்கின் ஆளுகைக்கு உட்பட்ட கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப், தம் அகப்பக்கத்தைப் பார்க்க வருவோரைக் கணக்கிடுவதற்காக எழுதிவைத்த சிறு கருவிகளை 1995இல் பொதுவில் வெளியிட்டார். அவையே வளர்ந்து ‘பி.எச்.பி.’ என்னும் நிரல்மொழி ஆயின. அதே ஆண்டில், கைவிடப்பட்ட நிலையில் இருந்த வழங்கி மென்பொருள் ஒன்றிற்குப் பலர் ஆங்காங்கே போட்ட ஒட்டுகளைத் தொகுத்து ‘அப்பாச்சி’ பிறந்தது. அப்பெயர் அமெரிக்கப் பழங்குடியொன்றினுடையது; ஆங்கிலத்தில் ‘ஒட்டுப் போட்டது’ என்றும் ஒலிக்கும் சிலேடை அதற்குண்டு. ஒட்டுப் போட்ட சட்டையே உலகின் பெரும்பகுதி இணையத்தளங்களைப் பல்லாண்டுகள் போர்த்திக் காத்தது.

இவை யாவற்றினும் கட்டற்ற உரிமத்தின் பொருளைத் தெளிவாக விளக்குவது வேர்ட்பிரசின் பிறப்பு வரலாறாகும். மிஷெல் வால்ட்ரிகி என்பவர் ‘பி2’ என்னும் மென்பொருளை உருவாக்கிப் பேணிவந்தார். நிரல் அறியாதவரும் தம் எழுத்தைத் தட்டச்சு செய்து இணையத்தில் வெளியிட அது வழிசெய்தது. 2002ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் ஓசையின்றி ஒதுங்கிவிட்டார். மென்பொருள் கேட்பாரற்று நின்றது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வாழ்ந்த 19 வயது மாணவர் மேட் மல்லன்வெக் அதனைப் பயன்படுத்திவந்தவர்களுள் ஒருவர். 2003 சனவரியில் அவர் இவ்வாறு எழுதினார்: மென்பொருளை ஆக்கியவர் மறைந்துபோனாலும், அது பொது உரிமத்தின்கீழ் வெளிவந்தமையால் அதன் நிரலை எடுத்து வளர்த்தெடுக்க எவருக்கும் தடையில்லை என்பதே அவர் கருத்து. மல்லன்வெக்கை முன்பின் கண்டிராத மைக் லிட்டில் என்பார், இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டிலிருந்து, தாமும் துணைநிற்பதாக மறுமொழி விடுத்தார். அதே ஆண்டு மே 27ஆம் நாள் வேர்ட்பிரசின் முதற்பதிப்பு வெளிவந்தது. இன்று உலக இணையத்தளங்களுள் நூற்றுக்கு 40க்கு மேற்பட்டவை அதன்மீதே நிற்கின்றன.

இங்கே நின்று எண்ணிப் பார்க்கத் தக்க செய்தி ஒன்றுண்டு. ‘பி2’ இலவசமாக மட்டும் வழங்கப்பட்டு, அதன் மூலநிரலும் திருத்தும் உரிமையும் மறுக்கப்பட்டிருப்பின், வால்ட்ரிகி ஒதுங்கிய நாளே அதன் இறுதி நாளாகியிருக்கும். அதில் எழுதி வைத்தோர் எல்லாரும் வேறிடம் தேடி அலைந்திருப்பர். விலையின்மை அவர்களைக் காத்திராது, உரிமமே காத்தது. பின்லாந்து நாட்டவரான மோன்டி விடேனியசும் இவ்வழியே கைக்கொண்டார். தம் மூத்த மகள் ‘மை’ என்பவளின் பெயரால் அவர் வழங்கிய தரவுத்தள மென்பொருள், 2008இல் ஒரு நிறுவனத்தின் கைக்கும் 2010இல் அந்நிறுவனத்தோடு சேர்ந்து ஆரக்கிளின் கைக்கும் சென்றது. வருவதை முன்னரே உணர்ந்த அவர், 2009இல் அதன் நிரலிலிருந்தே கிளை பிரித்து, இளைய மகள் மரியாவின் பெயரால் ‘மரியா டிபி’ கண்டார். விற்ற வீட்டின் வரைபடத்தைக் கொண்டு அடுத்த மனையில் அதே வீட்டை எழுப்புதல் போன்றது இது.

இனித் தமிழுக்கு வருவோம். ‘கொ’ என்னும் எழுத்தைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர் முதலில் ஒற்றைக் கொம்பும், நடுவில் ககரமும், இறுதியில் காலும் இடுகிறார். ஒலிக்கும்போதோ மெய் முன்னும் உயிர் பின்னும் வருகின்றன. பழைய எழுத்துருக்களில் கை எழுதும் முறையே கணினியின் நினைவிலும் பதிந்தது. கொம்பு முதலில், ககரம் பின்னர். அதனால் சொற்களை அகரவரிசைப்படுத்துதலும் தேடுதலும் இடர்ப்பட்டன. தளத்திற்கொரு எழுத்துருவும் இருந்தமையால், ஒரு தளத்தின் தமிழ் மற்றொரு கணினியில் பொருளற்ற உரோம எழுத்துக் குவியலாய்த் தோன்றும். 1990களில் இணையம் கண்ட தமிழாசிரியர்கள் அந்த அலங்கோலத்தை மறந்திரார். ஒருங்குறியில் முறை மாறியது. இலக்கணம் கூறும் ஒலி முறைப்படி ககரம் முதலிலும் ஒகரக் குறி பின்னரும் நினைவில் அமைகின்றன. திரையில் காட்டும்போது கொம்பையும் காலையும் ககரத்தின் இருபுறத்திலும் பிரித்து நிறுத்துவது ஒரு மென்பொருளின் வேலை. ஃபயர்ஃபாக்ஸ், குரோம் ஆகிய உலாவிகளிலும் ஆண்ட்ராய்டு திறன்பேசிகளிலும் இவ்வேலையைச் செய்வது ‘ஹார்ஃப்பஸ்’ என்னும் கட்டற்ற மென்பொருள். அப்பெயர் பாரசீகச் சொற்களால் ஆனது. அதனை வளர்த்தெடுத்தோருள் முதன்மையானவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் இஸ்ஃபஹ்போத். பாரசீகரும் அரபியரும் தமிழரும் மலையாளிகளும் தத்தம் எழுத்தின் முறையை ஒரே நிரலில் திருத்தி அமைக்க இடமிருந்ததற்குக் காரணம் அதன் மூலம் திறந்திருந்தமையே. தமிழ்க் கொம்பு எப்பக்கம் நிற்க வேண்டும் என்பதைச் சொல்ல எந்த நிறுவனத்தின் வாயிலிலும் தமிழர் காத்துநிற்க வேண்டியதில்லை.

இத்துறையில் இவ்வட்டாரத் தமிழர் பின்தங்கியிருந்ததாக எவரும் கூறவியலாது. சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த சிறுகதை ஆசிரியர் நா. கோவிந்தசாமி, தேசியப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டான் டின் வீயுடன் இணைந்து, 1995ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பின் வாயிலாகத் தமிழ் எழுத்தை வலையில் ஏற்றினார். ‘இணையம்’ என்னும் சொல்லை வழங்கியவரும் அவரே என்பர். 1997இல் தமிழிணைய மாநாடு முதன்முதலாகச் சிங்கப்பூரில் கூடியது. கட்டற்ற உரிமத்தில் வராத மென்பொருள்களும் தமிழுக்குத் தொண்டாற்றின என்பதை மறைத்தல் நன்றியன்று. மலேசியரான முத்து நெடுமாறன் 1985 முதல் உருவாக்கிவந்த முரசு அஞ்சல் எத்தனையோ இதழ்களையும் பள்ளிகளையும் கணினித் தமிழுக்கு அழைத்து வந்தது. மலேசிய அரசும் 2004ஆம் ஆண்டில் பொதுத்துறையில் திறந்த மூல மென்பொருளை ஊக்குவிக்கும் பெருந்திட்டம் ஒன்றை வெளியிட்டது. ஆகவே அறிவும் வாய்ப்பும் இங்கே இல்லாமற் போகவில்லை.

ஆயினும் தமிழ்ப்பள்ளிகளின் அகப்பக்கங்களுக்கு நேர்வது என்ன? பல பள்ளிகளுக்கும் பொதுவான கதை இது. ஆண்டுவிழா நெருங்குகிறது. கணினியில் ஆர்வமுள்ள இளம் ஆசிரியர் ஒருவர், இரவு பகல் பாராது உழைத்துப் பள்ளிக்கு ஓர் அகப்பக்கம் அமைக்கிறார். இரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளின் படம், கூரைக் கொட்டகையில் நடந்த முதல் வகுப்பின் படம், தோட்டம் துண்டாடப்பட்டபோது பள்ளியை இடம் மாற்றப் போராடிய பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரின் பெயர்கள், முதுமையெய்திய பழைய மாணவர் சொன்ன செய்திகள் எல்லாம் அதில் ஏறுகின்றன. இடமளிப்பது கட்டணம் வாங்காத ஏதோ ஒரு நிறுவனம். பதிவாவது அவ்வாசிரியரின் சொந்த மின்னஞ்சல். மூன்றாண்டுகளில் அவருக்கு இடமாற்றம் வருகிறது. கடவுச்சொல்லும் அவரோடு போய்விடுகிறது. சில காலம் பழைய அறிவிப்புகளோடு பக்கம் உறங்குகிறது. பிறகு நிறுவனம் கொள்கையை மாற்றுகிறது, அல்லது கடையையே மூடுகிறது. அதற்குள் படம் தந்த முதியவரும் மறைந்திருப்பார். மூலப் படத்தைப் பேரப்பிள்ளைகள் வீடு மாறும்போது எங்கோ தொலைத்திருப்பர்.

இஃது அச்சுறுத்தும் கற்பனையன்று. 1990களில் இலவசமாக இடமளித்துக் கோடிக்கணக்கான பக்கங்களைத் தாங்கிய ஜியோசிட்டீஸ், 2009 அக்டோபரில் மூடப்பட்டது. தொடக்ககாலத் தமிழ்ப் பக்கங்கள் பலவும் அங்கே குடியிருந்தன. தன்னார்வலர்கள் இரவோடிரவாகப் படியெடுத்துக் காத்தவை போக எஞ்சியவை அழிந்தன. குடக்கூலி வாங்காத வீட்டுக்காரன் வெளியேறச் சொல்லும்போது, குடியிருந்தவன் எந்த ஒப்பந்தத்தைக் காட்டி வழக்காடுவான்? பினாங்கில் 1816இல் தொடங்கிய மலாயாத் தமிழ்க்கல்விக்கு 200 ஆண்டு நிறைவு கொண்டாடியாயிற்று. அவ்விரு நூற்றாண்டில் மூடப்பட்டனவும் இணைக்கப்பட்டனவுமான பள்ளிகளின் நினைவு, மலர்களிலும் மங்கிய படங்களிலும்தான் மிஞ்சியுள்ளது. அதனை எண்ணுருவில் ஏற்றும் காலத்திலும் வாடகையில்லா வீட்டின் சுவரிலேயே எழுதிவைத்தல் தகாது.

சொந்த மனை அமைத்தல் பெருஞ்செலவுடைய செயலும் அன்று. தளத்திற்கு ஒரு பெயர் பதிவுசெய்ய வேண்டும். வழங்கியில் சிறிது இடம் வாடகைக்குப் பெற வேண்டும். சிறு பள்ளிக்கு இரண்டும் ஆண்டுக்குச் சில நூறு ரிங்கிட்டில் அடங்கும். இதுவும் வாடகைதானே என வினவலாம். வாடகைக்கு எடுத்தது இடத்தை மட்டுமே; எழுத்தும் படமும் அவற்றைத் தாங்கும் மென்பொருளும் பள்ளியின் கையில் முழுமையாக இருப்பதால், ஓரிடம் பிடிக்காவிடில் மூட்டை கட்டி மற்றோரிடம் செல்லலாம். வேர்ட்பிரசில் உள்ளவற்றை ஒருசேர வெளியெடுக்கும் வசதி அதற்குள்ளேயே அமைந்துள்ளது. எழுத்துருவும் அப்படியே. நோட்டோ தமிழ், லோகித் தமிழ் முதலியவை கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. அவற்றைத் தளத்திலேயே வைத்துவிட்டால் பார்ப்பவர் கணினியில் எவ்வெழுத்துரு இருப்பினும் கவலையில்லை. பள்ளி வரலாறு போன்று அடிக்கடி மாறாத செய்திகளுக்கு வேர்ட்பிரசும் மிகையே. ஹியூகோ போன்ற கட்டற்ற கருவியால் எளிய பக்கங்களை ஆக்கி வைத்தால், தரவுத்தளம் இல்லை. புகுந்து கெடுப்பார்க்கு வாயிலும் குறைவு. இருபதாண்டு கழித்தும் எந்த உலாவியிலும் அவை திறக்கும். ஆர்ப்பாட்டமான அசைபடங்களையும் சுழலும் தலைப்புகளையும் விரும்புவோர் இவ்வெளிமையைக் குறையாகக் கருதக்கூடும்; கருதட்டும்.

உழைப்பு மட்டும் இலவசமாக வருவதில்லை. மென்பொருளைக் காலந்தோறும் புதுப்பித்தல் வேண்டும். பயன்படாத நீட்சிகளை நீக்குதல் வேண்டும். திங்கள்தோறும் காப்புப்படி எடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். புதுப்பிக்கப்படாத பள்ளித்தளத்தில் சூதாட்ட விளம்பரங்கள் நுழைந்து தலைகுனிய வைப்பதுண்டு. பலர் கண் காணும் நிரலில் பிழை தங்காது என்பாரின் கூற்றையும் முழுவதும் நம்புதற்கில்லை. 2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பெரும்பிழை வெளிப்பட்டது. உலக வங்கிகளும் அரசுகளும் நம்பியிருந்த ஓப்பன் எஸ்எஸ்எல் மென்பொருளில் ஈராண்டுகளாக அது பதுங்கியிருந்தது. அம்மென்பொருளைப் பேணியோர் ஒரு சிலரே. ஆண்டுக்கு அவர்கள் பெற்ற நன்கொடை ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். கோடிக்கணக்கானோர் நீர் பருகிய கிணற்றைத் தூர்வார நாலு பேர் இல்லை. கட்டற்றது என்பதால் எவரோ பார்த்துக்கொள்வர் என்ற எண்ணம் உலகெங்கும் உள்ள நோய்.

உரிமம் எல்லாவற்றையும் காத்துவிடும் என்று எண்ணுதலும் பொருந்தாது. 2024ஆம் ஆண்டில் மல்லன்வெக்கிற்கும் டபிள்யூபி என்ஜின் என்ற வழங்கி நிறுவனத்திற்கும் பூசல் மூண்டு நீதிமன்றம் வரை சென்றது. இடையில், புதுப்பிப்புகளை வழங்கும் மையத் தளம் அந்நிறுவனத்திற்கு அடைக்கப்பட்டதால், பூசலில் தொடர்பில்லாத வாடிக்கையாளர் இடர்ப்பட்டனர். நிரல் கட்டற்றதே, அது வந்துசேரும் வாய்க்காலின் மடை ஒருவர் கையில் இருந்தது. அவ்வேளையிலும் நிரலைக் கைக்கொண்டு வேறு வழி காண இயன்றது என்பதே ஆறுதல்.

ஆகையால் பள்ளியின் தளப்பெயர் தனியொருவர் மின்னஞ்சலில் பதிவாகாமல், பள்ளியின் பெயரால் அல்லது பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரால் பதிவாதல் நலம். கடவுச்சொற்களும் புதுப்பிக்கும் நாளும் காப்புப்படி இருக்கும் இடமும் தாளில் எழுதி முத்திரையிட்டு, பொறுப்பு மாறும்போது மற்ற கோப்புகளோடு கைமாற வேண்டும். சிங்கப்பூரில் உள்ள அமைப்புகளுக்கு ‘.சிங்கப்பூர்’ என்று தமிழிலேயே முடியும் தளப்பெயர் பெறும் வாய்ப்பும் உண்டு.

மாணவர் பங்குகொள்ளவும் இத்துறையில் இடம் உண்டு. வேர்ட்பிரசின் கட்டளைகளும் அறிவிப்புகளும் தன்னார்வலர்களால் தமிழாக்கப்படுகின்றன. எவரும் பதிவுசெய்து தொடர்களைப் பெயர்க்கலாம். மொழிக்குழுவினர் சரிபார்த்து ஏற்பர். ‘வழங்கி’ என்பதா, ‘சேவையகம்’ என்பதா. ‘நீட்சி’ என்பதா, ‘செருகுநிரல்’ என்பதா என்று அங்கே நிகழும் சொல்லாய்வு, இடைநிலைப்பள்ளியின் மேல்வகுப்பு மாணவர்க்கு ஏற்ற மொழிப்பயிற்சியாகும். கட்டுரைப் பயிற்சியில் எழுதியதை ஆசிரியர் ஒருவரே படிப்பார். அங்கே பெயர்த்த ஒரு தொடரை யாழ்ப்பாணத்திலும் கோயம்புத்தூரிலும் ஈப்போவிலும் தளம் அமைப்போர் நாள்தோறும் காண்பர். பரவலாக வழங்கும் நீட்சிகள் பலவற்றில் தமிழ்பெறாத தொடர்கள் இன்னும் உள.